கோப்பிடி வந்துவிட்டது: விலகுவதா, மோதுவதா, காத்திருப்பதா, விற்பதா?

திருகோணமலையில் கோ ஆட்டம் ஆடுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆடுகிற பிள்ளைகளும் பெரும்பாலும் செஸ்ஸில் இருந்து வந்தவர்கள். டச்சுக்குடாக் கடற்கரையில் பின்னேரம் பலகையை விரித்தால், ஆட்டம் முடிவதற்குள், ஒரே இடத்தில் மாறி மாறிப் பிடிக்கும் சிக்கல் ஒன்று வந்து, யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "அண்ணா, இதுக்குச் சண்டை பிடிக்கிறதா, விடுறதா?" கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்துகொண்டு இணையத்தில் ஆடுகிற சிலர் தங்கள் ஆட்டங்களை அனுப்பிக் கேட்பதும் இதையேதான்.

ஆட்டத்தின் பெயரும் இந்தச் சிக்கலின் பெயரும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். ஆகவே இங்கே ஆட்டத்தைக் 'கோ ஆட்டம்' என்றும், சிக்கலைக் 'கோப்பிடி' என்றும் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பலகையின் சந்திகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் காய் வைப்பார்கள். முழுதும் சூழப்பட்ட காய் பிடிபடும். அடைத்த சந்தியும் பிடித்த காயும் ஒவ்வொரு புள்ளி. கறுப்பு ஒரு வெள்ளைக் காயைப் பிடிக்கிறது. பிடித்த அந்தக் கறுப்புக் காயை வெள்ளை உடனே திருப்பிப் பிடிக்கலாம் என்ற அமைப்பு சில இடங்களில் வரும். விட்டால் இருவரும் பொழுது சாயும்வரை மாறி மாறிப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். செஸ்ஸில் ஒரே நிலை மூன்று தடவை வந்தால் சமன் கேட்கலாம். கோ ஆட்டத்தில் அப்படி இல்லை. உடனே திருப்பிப் பிடிப்பதே தடை. முதலில் வேறெங்காவது ஒரு காய் வைத்துவிட்டு, அடுத்த முறையில்தான் பிடிக்கலாம். அந்த 'வேறெங்காவது' வைக்கும் காய், எதிராளி பதில் சொல்லியே ஆகவேண்டிய காயாக இருந்தால் அது மிரட்டல். அவர் பதில் சொன்னால் நீங்கள் திரும்பப் பிடிக்கலாம். பதில் சொல்லாமல் கோப்பிடியை முடித்துவிட்டால், நீங்கள் மிரட்டிய இடத்தில் இன்னொரு காய் வைத்து அங்கே ஆதாயம் எடுக்கலாம்.

'சண்டையா, விடுவதா' என்று கேட்கும்போதே இரண்டு வழிகள் விடுபட்டுப் போகின்றன. உண்மையில் இருப்பவை நான்கு: கோப்பிடியே வராமல் விலகுவது, உடனே மோதி முடிப்பது, அப்படியே வைத்துவிட்டு வேறிடம் போவது, கோப்பிடியை எதிராளிக்குக் கொடுத்து அதற்கு ஈடாக வேறு இடத்தை வாங்குவது. நான் பார்த்தவரையில் இரண்டாவது வழியை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். நான்காவதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கோப்பிடியை வெல்வேனா என்பதைவிட, வென்றால் என்ன விலை கொடுக்கிறேன், தோற்றால் என்ன விலை வாங்குகிறேன் என்று கேட்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

## எதை வைத்து அளப்பது

கோப்பிடி எவ்வளவு பெரியது? மூலையில் பத்துக் கறுப்புக் காய்கள் சிக்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கோப்பிடியை வென்றால் இரண்டு கண்ணோடு, அதாவது தன் காய்களால் அடைத்த இரண்டு வெற்றுச் சந்திகளோடு, பிழைக்கும். தோற்றால் சாகும். செத்தால் வெள்ளைக்குப் பத்துக் கைதிகள், அவை நின்ற பத்துச் சந்திகள், கண்கள் இருந்த இரண்டு சந்திகள், ஆக 22 புள்ளி. பிழைத்தால் கறுப்புக்கு 2 புள்ளி. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 24.

இதை அப்படியே '24 புள்ளிக் கோப்பிடி' என்று பயந்துவிடக் கூடாது. மூன்றால் வகுக்க வேண்டும். ஏனென்றால், இப்போது கோப்பிடியைக் கையில் வைத்திருப்பவர் ஒரே நகர்வில் அதை அடைத்து முடிக்கலாம். மற்றவருக்குப் பிடிக்க ஒரு நகர்வு, முடிக்க ஒரு நகர்வு என்று இரண்டு தேவை. மொத்தம் மூன்று நகர்வுகள் அந்த 24-ஐப் பங்கிடுகின்றன. ஒரு நகர்வின் மதிப்பு 8 புள்ளி. பிடித்து, எதிராளியின் மிரட்டலைப் புறக்கணித்து, முடிப்பவர் இரண்டு நகர்வில் எடுப்பது 16. ஆகவே தோற்பவர் வேறிடத்தில் தொடர்ந்து வைக்கும் இரண்டு காய்களால் 16 புள்ளி எடுத்துவிட்டால் கணக்குச் சரி, யாருக்கும் நட்டமில்லை. 24 முழுவதற்கும் ஈடு தேட வேண்டியதில்லை. இந்த மூன்றில் இரண்டு பங்குக் கணக்கை மட்டும் பழகிக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

ஆபத்து யாருடையது? சில கோப்பிடிகளில் ஒருவர் தோற்றால் மூலையே போகும், மற்றவர் தோற்றால் இரண்டு மூன்று புள்ளியோடு போகும். இப்படி ஒரு பக்கம் இலகுவாக இருக்கும் கோப்பிடியை ஜப்பானிய ஆட்டக்காரர்கள் பூப் பார்க்கும் கோப்பிடி என்பார்கள். எதிராளிக்கு அது பூப் பார்க்கும் பொழுதாக இருந்தால், உங்களுக்கு அது உயிர்ப் போராட்டம்.

மிரட்டல்கள் எத்தனை, முதலில் பிடித்தவர் யார்? இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் மிரட்டல் இருந்தால், முதலில் பிடித்தவர் வெல்வார். முதல் மிரட்டலைத் தேட வேண்டியவர் மற்றவர். எல்லாம் தீர்ந்தபின் முதலில் வெறுங்கையாவதும் அவர்தான். ஆகவே இரண்டாவதாகப் பிடிப்பவருக்கு ஒரு மிரட்டல் கூடுதலாக வேண்டும். எண்ணும்போது, இந்தக் கோப்பிடியின் அளவுக்குப் போதாத சின்ன மிரட்டல்களைச் சேர்க்கக் கூடாது.

மிரட்டலுக்கு எவ்வளவு செலவு? நிறையப் பேர் தவறவிடுவது இதை. எதிராளியின் நிலத்துக்குள் ஒரு காய் வைத்து, அவரும் உள்ளேயே ஒரு காய் வைத்துப் பதில் சொன்னால் செலவில்லை. ஆனால் அவர் காய்களைத் துண்டாக வெட்டும் வாய்ப்புள்ள இடத்தில் அட்டாரி (அடுத்த நகர்வில் பிடிப்பேன் என்று காட்டும் நகர்வு) போட்டு அவரைப் பலமாக இணைய வைத்தால், அந்த வெட்டு இனிமேல் இல்லை. ஐந்தாம் வரிசையில் முட்டித் தள்ளி அவருக்கு நான்காம் வரிசையில் நிலம் கட்டிக் கொடுத்தால், ஒவ்வொரு முட்டலும் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கும்.

மேலே சொன்ன கோப்பிடியையே எடுங்கள். நீங்கள் வெள்ளை, வெல்ல வேண்டும் என்று நான்கு மிரட்டல்கள் வைத்தீர்கள். ஒவ்வொன்றாலும் 2 புள்ளி நட்டம், மொத்தம் 8. கடைசியில் வென்றீர்கள், 16 எடுத்தீர்கள். தோற்ற கறுப்பு தன் கடைசி மிரட்டலை நிறைவேற்றி 12 எடுத்துவிட்டது. 16-இல் 12-உம் 8-உம் போக, உங்களுக்கு 4 புள்ளி நட்டம். பத்துக் காய்களைக் கொன்று கைதிக் கிண்ணத்தில் போட்டபின்னும் நட்டம்! ஆட்டம் முடிந்து எண்ணும்போது 'கோப்பிடியை நான்தானே வென்றேன், எப்படித் தோற்றேன்' என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பலகையின் மற்ற இடங்களில் என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இது. 19-க்கு 19 பலகையில், கறுப்பு முதலில் தொடங்குவதற்கு ஈடாக வெள்ளைக்குத் தரும் கொமி ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5 புள்ளி, சீனாவில் 7.5 புள்ளி. முதல் நகர்வு உரிமையின் நன்மை அந்த நகர்வின் மதிப்பில் ஏறக்குறைய பாதி என்பதால், தொடக்கத்தில் ஒரு நகர்வின் மதிப்பு சுமார் 14 புள்ளி என்று கொள்ளலாம். ஆட்டம் போகப் போக அது குறைந்துகொண்டே வரும். கோப்பிடியின் 24 மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பாருங்கள்:

| கட்டம் | வேறிடத்தில் ஒரு நகர்வு (சுமார்) | வேறிடத்தில் இரண்டு நகர்வு | கோப்பிடியில் இரண்டு நகர்வு | விளைவு |
|---|---|---|---|---|
| தொடக்கம் | 14 | 28 | 16 | மிரட்டலே தேவையில்லை. கொடுத்துவிட்டு வேறிடம் போகலாம் |
| நடு ஆட்டம் | 8 | 16 | 16 | மிரட்டல்களின் எண்ணிக்கையும் செலவும் தீர்மானிக்கும் |
| கடைசிப் பகுதி | 3 | 6 | 16 | வென்றே ஆகவேண்டும் |

வேறிடத்து நகர்வுக்கான எண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்; மாறும் திசை மாறாது. இப்போது சின்னதாகத் தெரியும் கோப்பிடி, நூறு நகர்வு கழித்து ஆட்டத்தின் தலையெழுத்தாகிவிடும். பலகையின் அளவும் இதில் சேரும். 9-க்கு 9 பலகையில் 81 சந்திகள்தான்; மிரட்டலுக்கு இடமே இல்லை, வேறிடமும் இல்லை. அங்கே கோப்பிடியே பல நேரம் முழு ஆட்டம். நாங்கள் கடற்கரையில் ஆடும் 13-க்கு 13 பலகையில் 169 சந்திகள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நல்ல மிரட்டல் இருந்தாலே அதிகம். பெரிய பலகைக்கு எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்றினால் உதைக்கும்.

## வழி 1: விலகுவது

கோப்பிடி வருமுன்பே இணைத்துவிடுவது, அல்லது கொஞ்சம் சிறுத்தாலும் கேள்வியில்லாமல் பிழைக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது.

நீங்கள் முன்னால் இருக்கும்போது இது நல்ல வழி. பத்துப் புள்ளி முன்னால் இருப்பவர் நான்கு புள்ளி கொடுத்து ஒரு பெரிய கோப்பிடியைத் தவிர்த்தால், ஆறு புள்ளியால் வெல்வார். கோ ஆட்டத்தில் அரைப் புள்ளி வெற்றியும் வெற்றிதான். எதிராளிக்குப் பூப் பார்க்கும் கோப்பிடி, உங்கள் மிரட்டல்கள் குறைவு, நேரம் குறைவு என்ற மூன்றும் சேர்ந்தாலும் விலகுங்கள். பியோயோமியில் (சொந்த நேரம் தீர்ந்தபின் ஒவ்வொரு நகர்வுக்கும் எண்ணித் தரும் நேரம்) கடைசி முப்பது வினாடிக்குள் மிரட்டல்களை எண்ணுவது யாருக்கும் இலேசல்ல. கடற்கரையில் எங்களுக்கு மணிக்கூட்டுக்குப் பதில் வெளிச்சம். ஆறரை மணிக்குப் பின் காய் தெரியாது.

ஒளிந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, விலகும் நகர்வு பெரும்பாலும் பின்வாங்கும் நகர்வாகவே இருக்கும். அடுத்த முன்முயற்சி எதிராளிக்குப் போய்விடும். மற்றது இதைவிட மோசமானது. நீங்கள் கோப்பிடிக்குப் பயந்தவர் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு மூலையிலும் அவர் கோப்பிடியைக் காட்டியே இரண்டு இரண்டு புள்ளியாகப் பிடுங்குவார். சிறிய குழுவாகத் திரும்பத் திரும்ப ஒரே ஆட்களோடு ஆடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது நேரே உறைக்கும். எங்கள் பிள்ளைகள் யார் யாரை எப்படி மிரட்டலாம் என்று ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2016 மார்ச்சில் சியோலில் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலுக்கும் ஆல்ஃபாகோ கணினி நிரலுக்கும் நடந்த போட்டியிலும் இப்படி ஒரு சந்தேகம் எழுந்தது. முதல் இரண்டு ஆட்டங்களையும் ஆல்ஃபாகோ வென்றபோது, அது கோப்பிடியைத் தவிர்க்கிறதோ, அதற்கு அதைக் கையாளத் தெரியாதோ என்று பலர் பேசினார்கள். மூன்றாம் ஆட்டத்தில் லீ செடோல் கோப்பிடியைக் கொண்டுவந்தார். நிரல் தடுமாறவில்லை. 176 நகர்வில் லீ செடோல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அது வெற்றி வாய்ப்பைப் பெருக்குமாறு ஆடியதே தவிர, புள்ளி வித்தியாசத்தைப் பெருக்குமாறு ஆடவில்லை. வேண்டிய இடத்தில் சண்டையும் பிடிக்கத் தெரிந்தவர் விலகும்போதுதான் அந்த விலகலுக்கு மரியாதை இருக்கிறது.

## வழி 2: உடனே மோதி முடிப்பது

முதலில் பிடிப்பவர் நீங்கள், மிரட்டல்கள் உங்களிடம் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கின்றன, தோற்றாலும் உங்களுக்குப் பெரிய நட்டமில்லை. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு உண்மையென்றால் மோதுங்கள். பின்னால் இருக்கும்போதும் இதுவே வழி. அமைதியான பலகையில் தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் குழப்பம் நல்லது.

மோதுவதென்று முடிவெடுத்தால் ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, கோப்பிடியைப் பிடிக்குமுன் இரண்டு பக்க மிரட்டல்களையும் விரல் மடக்கி எண்ணச் சொல்வதுதான். பிடித்த பிறகு எண்ணினால் காலம் கடந்துவிடும்.

அப்புறம் மிரட்டல்களின் தரம். மிகச் சிறந்தவை அந்தக் கோப்பிடிக்கு உள்ளேயே இருப்பவை. சிக்கியிருக்கும் கூட்டம், கோப்பிடியை வெல்லாமலே வேறு வழியில் கண் வைத்துப் பிழைத்துவிடப் பார்க்கும் நகர்வு அப்படிப்பட்டது. எதிராளி அதைப் புறக்கணித்துக் கோப்பிடியை முடித்தாலும் கூட்டம் பிழைத்துவிடும் என்பதால், அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். கோப்பிடி எவ்வளவு பெரிதானாலும் இந்த மிரட்டல் அதற்குப் போதும். அடுத்து, எதிராளியின் பெரிய கூட்டத்தின் கண்ணைப் பறிக்கப் பார்க்கும் நகர்வுகள். ஒரு பெரிய கூட்டம் உயிரோடு இருந்தாலும், இரண்டு தடவை தொடர்ந்து அடித்தால் சாகும் நிலையில் இருந்தால், அது உங்களுக்கு மிரட்டல் களஞ்சியம். வெட்டுகள் மூன்றாவது. நட்டம் தருபவை கடைசி.

பதில் சொல்லும்போதும் தேர்வு இருக்கிறது. ஒரு மிரட்டலுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடிந்தால், அதே இடத்தில் அடுத்த மிரட்டல் எழாத விதத்தைத் தேர்ந்தெடுங்கள், உள்ளூரில் ஒரு புள்ளி குறைந்தாலும் சரி. அதேபோல உங்கள் மிரட்டல் ஒன்று எதிராளியின் மிரட்டல் ஒன்றை அழித்தால் அது இரண்டுக்குச் சமம். இருவருமே பயன்படுத்தக்கூடிய இடம் இருந்தால் அதை நீங்கள் முந்தி எடுத்துவிடுங்கள்.

செலவு முன்பே சொன்னதுதான்: நட்ட மிரட்டல்கள், கரைந்துபோகும் வெட்டுகள். இன்னொன்று களைப்பு. நீண்ட கோப்பிடிச் சண்டையில் இருபது நகர்வு போனபின் கோபம் வந்துவிடும். கோபம் வந்தபின் எண்ணிக்கை மறந்துவிடும். தொழில்முறை ஆட்டங்களில் மிக நீண்டதாகச் சொல்லப்படும் 1950-ஆம் ஆண்டு யமாபே தொஷிரோ, ஹொஷினோ தொஷி ஆட்டம் 411 நகர்வு போனது. பலகையில் இருப்பதோ 361 சந்திகள். பிடித்தெடுத்த இடங்களில் மீண்டும் மீண்டும் காய் வைக்காமல் அப்படி ஓர் எண்ணிக்கை வராது. அந்த அளவுக்கு மனதை ஒருநிலையில் வைத்திருக்க அவர்களுக்கு முடிந்தது. ரியூசன் முடித்துவிட்டு வந்து உட்காரும் ஏ.எல். பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. சண்டையைச் சுருக்கமாக முடிக்கத் தெரிவதும் ஒரு திறமை.

ஓர் எச்சரிக்கை. பலகையில் ஒரே நேரத்தில் இரண்டு கோப்பிடிகள் இருந்தால் கணக்கு மாறும். ஒரே கூட்டத்தின் உயிருக்கு இரட்டைக் கோப்பிடி இருந்தால், ஒன்றை எதிராளி பிடிக்க மற்றதை நீங்கள் பிடிக்கலாம். கூட்டம் தானாகப் பிழைக்கும். ஆனால் அதே இரட்டைக் கோப்பிடி, வேறொரு மூலையில் நடக்கும் கோப்பிடிக்குத் தீராத மிரட்டல்களையும் தரும். மூன்று சேர்ந்தால் ஜப்பானிய விதிப்படி ஆட்டம் முடிவின்றிப் போகலாம். 1582-இல் ஹொன்னோஜி ஆலயத்தில் ஜப்பானியப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகா இறந்ததற்கு முந்திய இரவு, அவர் முன்னிலையில் ஆடிய ஆட்டத்தில் மூன்று கோப்பிடி வந்தது என்று ஒரு கதை உண்டு. அதனால் ஜப்பானில் அதைக் கெட்ட சகுனம் என்பார்கள்.

## வழி 3: வைத்துவிட்டு வேறிடம் போவது

மேலே உள்ள அட்டவணையின் முதல் வரி எப்போதெல்லாம் பொருந்துகிறதோ, அப்போதெல்லாம் இந்த வழி கண் முன்னால் நிற்க வேண்டும். கோப்பிடியில் ஒரு நகர்வு 8, வேறிடத்தில் 12 என்றால், 12-க்குப் போங்கள். எதிராளி 8-ஐ எடுத்து முடித்தால் முடிக்கட்டும்.

எதிராளிக்குக் கூடுதல் நகர்வு தேவைப்படும் கோப்பிடிகளில் இது இன்னும் நல்லது. சில அமைப்புகளில் அவர் வெளியில் இருந்து ஒரு காய் வைத்து நெருங்கிய பிறகுதான் உண்மையான கோப்பிடியே தொடங்கும். அந்த ஒரு காய்க்கு நீங்கள் பதில் சொல்லாமல் வேறிடத்தில் ஒரு பெரிய நகர்வை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டமாக வெல்ல வேண்டிய கோப்பிடியும் அப்படியே. இரண்டு தடவை வெல்ல வேண்டியவர்தான் அவசரப்பட வேண்டும், நீங்கள் அல்ல. பத்தாயிர வருடக் கோப்பிடி என்று ஒன்று உண்டு. யார் தொடங்குகிறாரோ அவருக்குத்தான் ஆபத்துக் கூடும் என்பதால், இருவரும் தொடாமல் ஆட்டத்தின் கடைசிவரை கிடக்கும்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. அந்த இடைவெளியில் மிரட்டல்களைச் சேமிக்க வேண்டும், எதிராளியுடையதைக் குறைக்க வேண்டும். செஸ்ஸில் இருந்து வரும் பிள்ளைகளோடு நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதற்குத்தான். செஸ்ஸில் செக் வைப்பதுபோல இங்கே அட்டாரி போட ஆசை. காணும் இடமெல்லாம் அட்டாரி போட்டு, எதிராளி இணைய, "அவரை இணைய வச்சிட்டன்" என்று மகிழ்வார்கள். ஒவ்வொன்றும் பின்னால் கோப்பிடிக்கு உதவியிருக்கக்கூடிய மிரட்டல். மூலையில் ஒரு கோப்பிடி தூங்கிக்கொண்டிருக்கும்போது, தேவையில்லாத ஓர் அட்டாரியும் போடாதீர்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு நினைவாற்றல். பத்து நகர்வுக்கு ஒரு தடவையாவது அந்த மூலைக்குத் திரும்பிப் போய், வேறிடத்தில் பெரிய நகர்வு இன்னும் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். மறந்தால் எதிராளி முந்திவிடுவார். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் முதல் வழியில் விலகிவிடுவது நல்லது.

## வழி 4: விற்பது

விடிய விடியத் திருக்கடலூர்க் கரையில் வள்ளம் வந்து மீன் ஏலம் போகும்போது நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு பாரை மீனுக்கு இரண்டு பேர் போட்டி போட்டு விலை ஏற்றிக்கொண்டே போவார்கள். கெட்டிக்கார வியாபாரி ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் யாரும் கவனிக்காத கூடையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீம்புக்கு நின்றவர் மீனை வெல்வார். சந்தையில் அதை விற்று அந்த விலையை எடுக்க முடியாது. கோப்பிடியும் ஏலம்தான். ஒவ்வொரு நட்ட மிரட்டலும் நீங்கள் ஏற்றும் விலை.

விற்பது என்பது, இந்தக் கோப்பிடியை நான் தோற்பேன் என்று முன்பே தீர்மானித்து, அதற்கு ஈடாக எங்கே இரண்டு காய் தொடர்ந்து வைப்பது என்று தேர்ந்தெடுப்பது. கறுப்பு பிடிக்கிறது, வெள்ளை மிரட்டுகிறது, கறுப்பு கோப்பிடியை முடிக்கிறது, வெள்ளை மிரட்டிய இடத்தை எடுக்கிறது. ஆளுக்கு இரண்டு நகர்வு. ஆகவே 24 புள்ளிக் கோப்பிடியை விற்றால் குறைந்தது 16 வாங்க வேண்டும். 18 வாங்கினால் லாபம்.

தொடக்கக் கோப்பிடிக்கு மிரட்டல் இல்லை என்று கிழக்காசிய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். தொடக்கத்தில் பலகை வெறுமையாக இருப்பதால், கோப்பிடியைப் புறக்கணிக்க வைக்கும் அளவுக்குப் பெரிய மிரட்டல் எங்கேயும் இராது என்பது இதன் சாரம். அதைக் கேட்டு, முதலில் பிடித்துவிட்டால் எல்லாம் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். முதலில் பிடித்தவர் வெல்வார், உண்மை. ஆனால் தோற்றவர் வெறும் மூலைகளில் இரண்டு காய் வைப்பார். மேலே பார்த்தோம், அது 28 வரை போகும். 42 புள்ளிக்குக் குறைந்த கோப்பிடியைத் தொடக்கத்தில் வெல்வது நட்டம். 42-ஐ மூன்றால் வகுத்தால் 14, தொடக்க நகர்வின் மதிப்பு. இந்தக் கணக்கு பழகியவர் தொடக்கத்தில் கோப்பிடியைத் தோற்கப் பயப்படமாட்டார்.

விற்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. இருப்பதில் மிகப் பெரிய மிரட்டலை அல்ல, நிறைவேற்றினால் உங்கள் பலகைக்கு மிகவும் பயன்படும் மிரட்டலை வையுங்கள். பத்துப் புள்ளி எடுத்து, பக்கத்தில் இருக்கும் உங்கள் பலவீனமான கூட்டத்தையும் காப்பாற்றும் நகர்வு, வெறும் பதினான்கு புள்ளி நகர்வைவிட மேல். அதோடு, விற்கத் தீர்மானித்தபின் அதற்கு முன் சின்ன மிரட்டல்களை வீணாக்கக் கூடாது. 'எதற்கும் இரண்டைப் போட்டுப் பார்ப்போம்' என்று தொடங்கினால், மீனும் இல்லை கூடையும் இல்லை.

எதிராளி உங்கள் மிரட்டலுக்குப் பதில் சொல்லிவிட்டால் என்ன? அப்போதும் நட்டமில்லை. நீங்கள் திரும்பப் பிடிக்கிறீர்கள், இப்போது மிரட்டல் தேட வேண்டியவர் அவர். விற்கத் தயாராக இருப்பவருக்கு இரண்டு விளைவுமே சம்மதம். எதிரில் இருப்பவருக்கு அதனால்தான் தலையிடி.

ஒரு கூட்டம் உங்கள் ஆட்டத்தின் நடுத்தூணாக இருந்தால், அதாவது அது செத்தால் பக்கத்தில் இன்னொரு கூட்டமும் சாகும் என்றால், அதை விற்கக் கூடாது. அங்கே வித்தியாசம் 24 அல்ல, 60-ஆகவும் இருக்கலாம். அதற்கு 40 கொடுக்கும் இடம் 13-க்கு 13 பலகையில் கிடைக்காது.

## மிரட்டலை எப்படி அளப்பது

நான்கு வழியிலும் மிரட்டலின் அளவை அறிவது தேவைப்படுகிறது. பழக ஒரு வழி சொல்கிறேன். ஆட்டம் முடிந்தபின், இணையத்தில் கோ ஆடும் ஓஜிஎஸ் தளத்திலோ, இலவசமாகக் கிடைக்கும் காட்டாகோ என்ற கோ ஆடும் நிரலிலோ அந்த நிலையைத் திறவுங்கள். மிரட்டலுக்குப் பதில் சொன்னால் மதிப்பு என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிராளியை வேறெங்கும் வைக்காமல் தவறவிடச் செய்து, அதே இடத்தில் இரண்டாவது காயையும் வையுங்கள். இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்த மிரட்டலின் அளவு. கோப்பிடி வித்தியாசத்தின் மூன்றில் இரண்டு பங்கோடு அதை ஒப்பிடுங்கள். கொஞ்ச ஆட்டங்களில் இப்படிச் செய்தால், பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே கண் மதிப்பு வந்துவிடும். நிரல் சொல்லும் முதல் நகர்வை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்வதால் இது வராது.

## கடைசி அரைப்புள்ளிக் கோப்பிடி

ஆட்டத்தின் ஆகக் கடைசியில் ஒரே ஒரு காய்க்கான கோப்பிடி மிஞ்சும். வித்தியாசம் 1 புள்ளி, மூன்றால் வகுத்தால் ஒரு நகர்வுக்கு மூன்றில் ஒரு புள்ளி. பலகையில் இதைவிடச் சின்னது எதுவும் இல்லை. அதனால் எல்லாரும் கடைசிக்கு வைப்பார்கள், அது சரிதான். கொமியில் அரைப் புள்ளி இருப்பதால் ஆட்டங்கள் அடிக்கடி அரைப் புள்ளியில் முடிகின்றன. அப்போது இந்த ஒரு காயே வெற்றி தோல்வி.

இங்கே விலகுவதோ விற்பதோ இல்லை, மோதுவதுதான். வேறிடத்தில் எடுக்க எதுவும் மிஞ்சியிராது, ஆகவே எவ்வளவு சின்ன மிரட்டலும் போதும்: எதிராளியின் ஒரு காயை அட்டாரி வைப்பது, கண்ணுக்குள் ஒன்று வைத்துப் பார்ப்பது. செலவில்லாத மிரட்டல் மட்டும். ஒரு புள்ளி நட்டம் தரும் மிரட்டலை வைத்து ஒரு புள்ளிக் கோப்பிடியை வென்றால் எதுவும் மாறாது. நடு ஆட்டத்தில் காரணமில்லாமல் அட்டாரிகளைத் தீர்த்தவர் இந்த இடத்தில் வெறுங்கையோடு இருப்பார். தீர்க்காமல் வைத்திருந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.